இங்கிலீஷ் ஈஸிதான்! - காணாமல் போன ‘ஃபார்’

போன வாரம் ‘இஃப்’ போட்டு வாக்கியம் அமைப்பது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் ரிலேட்டிவ் கிளாஸ்.

பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூட கிராமர் புத்தகம் ஞாபகத்துக்கு வந்து கொட்டாவி விட்டுவிடாதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து நாம் தமிழில் பேசிக்கொண்டே இருக்கும் சங்கதிதான் இது. ‘நேத்து வாங்கின பால்’, ‘பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பொண்ணு’, ‘நான் சொன்ன விஷயம்’... இவையெல்லாம் ஆங்கிலத்துக்குப் போனால் ரிலேட்டிவ் கிளாஸ்தான். ஆனால், போகிற வழியில்தான் சிக்கல்.

வாசகி ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியைப் பாருங்கள். திருமணத்துக்கு முன்பு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் இப்போது மறுபடியும் வேலை தேடுகிறார். ‘பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?’ என்று இன்டர்வியூவில் கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘நான் வேலை பார்த்த கம்பெனி கோயம்புத்தூருக்கு மாறிவிட்டது’ என்பதுதான் பதில். அதை அவர் இப்படி எழுதியிருக்கிறார்:

‘தி கம்பெனி விச் ஐ வொர்க்ட் மூவ்ட் டு கோயம்புத்தூர்.’

‘எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை’ என்கிறார். இடிக்கிறது என்று தெரிந்ததே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இந்த வாக்கியத்தில் ஒரே ஒரு சின்ன வார்த்தை காணாமல் போயிருக்கிறது. அது ‘ஃபார்’. ‘தி கம்பெனி விச் ஐ வொர்க்ட் ஃபார்’ என்று இருக்க வேண்டும். ஏன் காணாமல் போனது? அதற்குக் காரணம் அவருடைய ஆங்கிலம் இல்லை, அவருடைய நல்ல தமிழ். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு ‘சமைத்த’, ஆறு வேலை

தமிழ் இலக்கணத்தில் ‘பெயரெச்சம்’ படித்திருப்பீர்கள். வந்த, போன, சமைத்த, படிக்கிற மாதிரி, பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைத் தேடி நிற்கும் வினை. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள் என ஆறு வகைப் பெயர்கள் பெயரெச்சத்துக்குப் பின்னால் வரலாம்.

நம் வீட்டு அடுக்களையிலேயே உதாரணம் சொல்கிறேன்.

சமைத்த பாட்டி - செய்தவர்
சமைத்த குக்கர் - கருவி
சமைத்த வீடு - இடம்
சமைத்த சமையல் - செயல்
சமைத்த நாள் - காலம்
சமைத்த சாம்பார் - பொருள்

ஆறு இடத்திலும் அதே ‘சமைத்த’. ஒரு எழுத்துகூட மாறவில்லை. பாட்டிதான் சமைத்தார், குக்கர் சமைக்கவில்லை, சாம்பார் சமைக்கப்பட்டது என்பதையெல்லாம் கேட்பவர்களே புரிந்துகொள்கிறார்கள். இப்போது இதே ஆறையும் ஆங்கிலத்தில் பாருங்கள்.

தி கிராண்ட்மதர் ஹூ குக்ட்
தி குக்கர் விச் ஷீ குக்ட் இன்
தி ஹவுஸ் வேர் ஷீ குக்ட்
தி குக்கிங் தட் ஷீ டிட்
தி டே வென் ஷீ குக்ட்
தி சாம்பார் விச் ஷீ குக்ட்

தமிழ் சொல்லாமல் விட்ட உறவை ஆங்கிலம் ஒவ்வொரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்கிறது. யார் சமைத்தார், எதில், எங்கே, எப்போது என எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை கேட்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் தொலைப்பது இந்தச் சின்ன வார்த்தைகளைத்தான்.

‘சாப்பிட்ட கோழி’ என்று சொல்லிப் பாருங்கள். கோழி தீனி சாப்பிட்டதா, நாம் கோழியைச் சாப்பிட்டோமா? தமிழில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘தி சிக்கன் தட் ஏட்’ என்றால் கோழி சாப்பிட்டது. ‘தி சிக்கன் தட் வி ஏட்’ என்றால் கோழியின் கதை முடிந்தது.

முன்னால் இருப்பது பின்னால் போகும்

முதல் வேலை, இடம் மாற்றுவது. தமிழில் விவரம் முதலில், ஆள் பிறகு: ‘நேற்று வந்த பையன்’. ஆங்கிலத்தில் ஆள் முதலில், விவரம் பிறகு: ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’.

பயமாக இருந்தால், ஒரே வாக்கியமாக யோசிக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

‘தி பாய் இஸ் மை கஸின். ஹீ கேம் யெஸ்டர்டே.’

இரண்டாவது வாக்கியத்தில் ‘ஹீ’ என்பது அந்தப் பையன்தான். அந்த ‘ஹீ’யை எடுத்துவிட்டு ‘ஹூ’ வையுங்கள். அப்படியே தூக்கி ‘பாய்’க்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே இஸ் மை கஸின்.’

இதில் கவனிக்க வேண்டியது, ‘ஹூ’ வந்ததும் ‘ஹீ’ போய்விட்டது. வேகமாகப் பேசும்போது ‘தி பாய் ஹூ ஹீ கேம்’ என்றும், ‘தி சாரி விச் ஐ பாட் இட் லாஸ்ட் வீக்’ என்றும் சிலர் சொல்வது உண்டு. ‘விச்’ என்பதே அந்தப் புடவைதான். பிறகு எதற்கு இன்னொரு ‘இட்’? ஒரே ஆளுக்கு இரண்டு இலை போட்ட மாதிரி. ‘தி சாரி விச் ஐ பாட் லாஸ்ட் வீக்’ போதும்.

யாருக்கு எந்த வார்த்தை?

ஹூ - மனிதர்களுக்கு. ‘தி நர்ஸ் ஹூ ஹெல்ப்ட் மீ.’

விச் - பொருள்களுக்கும் விலங்குகளுக்கும். ‘தி பஸ் விச் கோஸ் டு தாம்பரம்.’ செல்லமாக வளர்க்கும் நாய்க்குட்டிக்கு ‘ஹூ’ போடுகிறவர்களும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் ஆகிவிட்டதே!

தட் - இரண்டுக்கும். ‘தி நர்ஸ் தட் ஹெல்ப்ட் மீ’, ‘தி பஸ் தட் கோஸ் டு தாம்பரம்’. பேச்சில் சகஜம். ஆனால் விண்ணப்பம், அலுவலகக் கடிதம் என்றால் மனிதர்களுக்கு ‘ஹூ’ போடுவது மரியாதையாக இருக்கும்.

ஹூஸ் - ‘உடைய’ வருகிற இடத்தில். ‘தி வுமன் ஹூஸ் சன் இஸ் இன் மை கிளாஸ்’, அதாவது ‘எந்தப் பெண்ணுடைய மகன் என் வகுப்பில் படிக்கிறானோ அந்தப் பெண்’. பொருளுக்கும் ‘ஹூஸ்’ வரலாம். ‘எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’, ஒழுகும் கூரையுள்ள வீடு. இது சரியான ஆங்கிலம்தான், தயங்க வேண்டாம்.

ஹூம் - ‘ஐ’, ‘ஓடு’, ‘க்கு’ வருகிற இடத்தில் மனிதர்களுக்கு. பேச்சில் இப்போது ‘ஹூ’வே போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் முன்னால் ‘வித்’, ‘டு’, ‘ஃபார்’ வந்தால் மட்டும் ‘ஹூம்’தான். ‘தி டீச்சர் டு ஹூம் ஐ ஸ்போக்.’

வேர், வென் - இடத்துக்கும் நேரத்துக்கும்.

‘மனிதர்களுக்கு ஹூ, பொருளுக்கு விச்’ என்பது ஆதிகாலம் முதல் இருந்த விதி என்று நினைக்காதீர்கள். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், பரமண்டல ஜெபத்தில் கடவுளைக் குறிப்பிடும் இடத்திலேயே ‘விச்’தான் இருக்கிறது. அன்று அது மரியாதைக் குறைவு இல்லை. பிற்காலத்தில்தான் ‘ஹூ’ ஆட்களுக்கு, ‘விச்’ பொருள்களுக்கு என்று பாகம் பிரிந்தது. இன்று ‘மை பாஸ் விச்’ என்று எழுதினால் மட்டும் பாஸ் முறைப்பார்.

வாசகிக்கான பதில்: அந்த ‘ஃபார்’

இப்போது கம்பெனி வாக்கியத்துக்கு வருவோம். இங்கும் அதே வைத்தியம்தான், இரண்டாகப் பிரியுங்கள்.

‘தி கம்பெனி மூவ்ட் டு கோயம்புத்தூர். ஐ வொர்க்ட் ஃபார் தி கம்பெனி.’

இரண்டாவது வாக்கியத்தில் ‘ஃபார்’ இருக்கிறது அல்லவா? சேர்க்கும்போதும் அது இருக்க வேண்டும். கூட்டணி மாறினாலும் ஓட்டு குறையக் கூடாது. மூன்று வழி இருக்கிறது.

‘தி கம்பெனி ஃபார் விச் ஐ வொர்க்ட் மூவ்ட் டு கோயம்புத்தூர்.’ - கடிதத்துக்கு ஏற்றது.

‘தி கம்பெனி விச் ஐ வொர்க்ட் ஃபார் மூவ்ட் டு கோயம்புத்தூர்.’ - எழுதலாம், பேசலாம்.

‘தி கம்பெனி ஐ வொர்க்ட் ஃபார் மூவ்ட் டு கோயம்புத்தூர்.’ - பேசும்போது மிக இயல்பானது. இன்டர்வியூவில் இதையே சொல்லுங்கள்.

தமிழில் ‘கம்பெனியில் வேலை பார்த்தேன்’ என்றால் ‘இல்’ இருக்கிறது. அதையே ‘வேலை பார்த்த கம்பெனி’ என்று மாற்றினால் ‘இல்’ மறைந்துவிடுகிறது. தமிழின் விதியே அதுதான், அதில் தவறில்லை. ஆங்கிலத்தில் மட்டும் மறையாது. இதே காரணத்தால் வழக்கமாக விழும் ஓட்டைகள் சில:

நான் குடியிருக்கும் வீடு - ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’. ‘இன்’ முக்கியம்.

காய் நறுக்கும் கத்தி - ‘தி நைஃப் ஐ கட் வெஜிடபிள்ஸ் வித்’. ‘வித்’ இல்லையென்றால் கத்தியையே நறுக்கிய மாதிரி ஆகிவிடும்.

நான் காத்திருந்த பஸ் - ‘தி பஸ் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்’.

நான் பேசிய மேனேஜர் - ‘தி மேனேஜர் ஐ ஸ்போக் டு’.

‘வேர்’ போட்டால் மட்டும் ‘இன்’ தேவையில்லை. ‘தி ஹவுஸ் வேர் ஐ லிவ்’ சரி. ‘தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்’ என்பதில் ‘இல்’ இரண்டு தடவை வந்துவிட்டது. அதேபோல, ‘இன் தட்’, ‘ஃபார் தட்’ என்று ‘தட்’டுக்கு முன்னால் பிரிபொசிஷனை வைக்க முடியாது. ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’ என்றுதான் வர வேண்டும்.

‘வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று எங்கள் மிஸ் சொன்னாரே?’ என்று கேட்பீர்கள். நிறையப் பேருக்கு அப்படித்தான் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கில நடைக்கு நீதிபதி மாதிரி மதிக்கப்பட்ட ஹென்றி ஃபௌலர், 1926-ல் வெளிவந்த தன் ‘எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூஸேஜ்’ நூலிலேயே அதை ஒரு மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார். தைரியமாக முடிக்கலாம்.

எப்போது ‘விச்’சை விட்டுவிடலாம்?

‘தி கம்பெனி ஐ வொர்க்ட் ஃபார்’ என்பதில் ‘விச்’ இல்லை. ஆனால் ‘தி பாய் கேம் யெஸ்டர்டே இஸ் மை கஸின்’ என்று ‘ஹூ’வை விட்டால் தப்பு. என்ன வித்தியாசம்?

அடுத்து வருவதைப் பாருங்கள். ‘ஐ’, ‘ஷீ’, ‘மை மதர்’ என்று ஒரு ஆள் வந்தால் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’டை விட்டுவிடலாம். ‘தி சாரி ஐ பாட்’, ‘தி பாய் மை மதர் ஸா’. நேராக ‘கேம்’, ‘கோஸ்’, ‘இஸ்’ என்று வினைச்சொல் வந்தால் விடக் கூடாது. அங்கே ‘ஹூ’தான் எழுவாய். எழுவாயைப் பிடுங்கினால் வாக்கியம் நிற்காது.

உயிலில் ஒரு கமா

இனிமேல்தான் ரொம்ப முக்கியமான விஷயம். தமிழில் இதற்கு நேரான வழக்கமே கிடையாது. அதனாலேயே நாம் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்.

‘மை டாட்டர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை வில் கெட் தி ஹவுஸ்.’

‘மை டாட்டர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, வில் கெட் தி ஹவுஸ்.’

இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே கமா. தமிழில் இரண்டுமே ‘மதுரையில் இருக்கும் என் மகளுக்கு வீடு’தான். ஆனால் ஆங்கிலத்தில், கமா இல்லாத முதல் வாக்கியம் சொல்வது: எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மகள்கள். அவர்களில் மதுரையில் இருப்பவளுக்கு வீடு. கமா உள்ள இரண்டாவது சொல்வது: எனக்கு ஒரே மகள். அவளுக்கு வீடு. அவள் மதுரையில் இருக்கிறாள் என்பது கூடுதல் தகவல்.

முதல் வகை ஆளை அடையாளம் காட்டுகிறது. இரண்டாவது வகை, அடையாளம் ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பற்றி இன்னொரு செய்தி சொல்கிறது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: அந்த நடுப்பகுதியைக் கையால் மூடிவிட்டுப் படியுங்கள். யாரைச் சொல்கிறோம் என்று இன்னும் தெரிகிறதா? தெரிந்தால் கமா போடுங்கள். தெரியவில்லையா? கமா வேண்டாம்.

விசாவுக்கு, வங்கிக்கு என்று குடும்ப விவரத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்போது இதைப் பார்த்து எழுதுங்கள். ‘மை வைஃப் ஹூ லிவ்ஸ் இன் சேலம்’ என்று கமா இல்லாமல் எழுதினால், சேலத்தில் இல்லாத மனைவி எங்கே இருக்கிறார் என்று இலக்கணம் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே கேட்கலாம். வீட்டில் கேட்டால் அது சிரிப்பாக இருக்காது!

கமா போடும் வகையில் இன்னும் சில சின்ன விதிகள்:

ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் பெரும்பாலும் கமாதான். காஞ்சிபுரம் ஒன்றுதான் இருக்கிறது, அதை அடையாளம் காட்டத் தேவையில்லை. ‘காஞ்சிபுரம், விச் இஸ் ஃபேமஸ் ஃபார் சில்க், இஸ் நியர் சென்னை.’

இந்த வகையில் ‘தட்’ வராது. ‘காஞ்சிபுரம், தட் இஸ் ஃபேமஸ்’ தவறு. ‘விச்’சை விட்டுவிடவும் முடியாது.

ஒரு கமா போட்டுவிட்டு இன்னொன்றை மறக்காதீர்கள். திறந்த கதவைச் சாத்த வேண்டும்.

ஒரு முழு வாக்கியத்தையே சுட்டும் ‘விச்’சுக்கும் கமா உண்டு. ‘ஹீ கேம் லேட், விச் அனாய்ட் மீ.’ என்னை எரிச்சலாக்கியது அவன் இல்லை, அவன் தாமதமாக வந்தது.

பேசும்போது கமாவுக்கு என்ன செய்வது? குரலை லேசாக நிறுத்தி, அந்தப் பகுதியைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கமா இல்லாத வகையில் பொருள்களுக்கு ‘தட்’ போடுவதா, ‘விச்’ போடுவதா? அடையாளம் காட்ட ‘தட்’, கூடுதல் தகவலுக்கு ‘விச்’ என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என்று யோசனை சொன்னவரும் அதே ஃபௌலர்தான். அமெரிக்க எடிட்டர்கள் அதைப் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நாம் படித்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழி என்பதால், ‘தி பஸ் விச் கோஸ் டு தாம்பரம்’ என்று எழுதுவதில் தவறே இல்லை.

கோர்ட் வரை போன ‘விச்’

ரிலேட்டிவ் கிளாஸ் எந்த வார்த்தைக்கு உரியதோ, அதன் பக்கத்திலேயே உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் குழப்பம். ‘ஐ கேவ் தி கேக் டு தி சைல்ட் விச் ஐ பேக்ட்’ என்றால், நான் அவனில் வைத்துச் சுட்டது குழந்தையை என்கிற மாதிரி கேட்கும். ‘தி கேக் விச் ஐ பேக்ட்’ என்று கேக்கின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேக் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு பெண்ணின் உதவித்தொகையே இந்தக் கேள்வியில் தொங்கிய கதை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்த ‘பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ்’ வழக்கு.

அந்தப் பெண் லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்தவர். அந்த வேலையே நீக்கப்பட்டுவிட்டது. பிறகு உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி, சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். யாருக்கு உதவி கிடைக்கும் என்று சட்டம் சொல்வதன் சாரம் இது: பழைய வேலையைச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். அதோடு, நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிற வேறு எந்த வேலையையும் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும்.

‘நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிற’ என்ற பகுதி ஆங்கிலத்தில் ‘விச்’ போட்ட ரிலேட்டிவ் கிளாஸ். ‘வேறு வேலை’யை அடுத்து நிற்கிறது. கேள்வி இதுதான்: அந்த ‘விச்’ பக்கத்தில் இருக்கும் ‘வேறு வேலை’க்கு மட்டும் உரியதா, முன்னால் இருக்கும் ‘பழைய வேலை’க்கும் சேர்த்தா?

‘லிஃப்ட் இயக்கும் வேலைகள் இப்போது பெரிதாக இல்லவே இல்லை. இல்லாத வேலையை நான் செய்ய முடியும் என்று சொல்லி உதவியை மறுப்பது எப்படி நியாயம்?’ என்பது அவர் தரப்பு. அப்பீல் கோர்ட் அவர் பக்கம் நின்றது. ஆனால் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எதிர்த்துத் தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்ட பகுதி பொதுவாகத் தனக்குப் பக்கத்தில் இருக்கும் வார்த்தையோடுதான் சேரும் என்ற வழக்கமான விதியை நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்.

அதை விளக்க அவர் சொன்ன உதாரணம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். வெளியூர் போகும் பெற்றோர் டீன் ஏஜ் மகனிடம், ‘பார்ட்டி வைத்தாலோ, வீட்டைச் சேதப்படுத்தும் வேறு எதைச் செய்தாலோ தண்டனை உண்டு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பையன் பார்ட்டி வைத்து மாட்டிக்கொள்கிறான். ‘வீட்டுக்குத்தான் ஒரு சேதமும் இல்லையே’ என்று அவன் தப்பிக்க முடியுமா? முடியாது. ‘சேதப்படுத்தும்’ என்பது ‘வேறு எதை’ என்பதோடு சேர்ந்தது. பார்ட்டிக்குத் தனியாகவே தடை.

தீர்ப்பு நியாயமா என்பது வேறு விவாதம். ஆனால் சட்டம் எழுதியவர் அந்த ‘விச்’ இரண்டு வேலைக்கும் சேர்த்து என்று நினைத்திருந்தால், அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தமோ, வேலை நியமனக் கடிதமோ ஆங்கிலத்தில் கைக்கு வந்தால், ‘விச்’ வரும் இடத்தில் நின்று ‘இது எதைச் சொல்கிறது?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால், மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

‘வாட்’ எங்கே வரும்?

கடைசியாக ஒன்று. ‘அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.’ இதில் ‘சொன்ன’வுக்குப் பிறகு பெயர்ச்சொல்லே இல்லை. ‘சொன்னது’ என்று வினையே பெயராகிவிட்டது. தமிழில் வினையாலணையும் பெயர் என்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் ‘வாட்’ போட்டால் போதும். ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் வாட் ஹீ செட்.’

‘வாட்’ என்பதற்குள்ளேயே ‘தி திங் விச்’ ஒளிந்திருக்கிறது. அதனால் ‘தி திங் வாட் ஹீ செட்’, ‘எவ்ரிதிங் வாட் ஹீ செட்’ என்று சொல்லக் கூடாது. ‘எவ்ரிதிங் தட் ஹீ செட்’ அல்லது ‘எவ்ரிதிங் ஹீ செட்’.

கொஞ்சம் பயிற்சி

கீழே இருப்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்வது முக்கியம்.

1. நான் படித்த பள்ளிக்கூடம்.
2. மாமியார் கொடுத்த வளையல்.
3. என் அப்பாவுக்கு 70 வயது. அவர் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார். (ஒரே வாக்கியமாக)
4. நான் கடன் வாங்கிய தோழி.
5. நீங்கள் சமைத்தது ருசியாக இருந்தது.

விடைகள்:

1. ‘தி ஸ்கூல் ஐ ஸ்டடீட் இன்’ அல்லது ‘தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்’.
2. ‘தி பேங்கிள் மை மதர்-இன்-லா கேவ் மீ’. அடுத்து ஆள் வந்துவிட்டதால் ‘விச்’ தேவையில்லை.
3. ‘மை ஃபாதர், ஹூ இஸ் 70, ஸ்டில் ரைட்ஸ் எ பைசைக்கிள்.’ அப்பா ஒருவர்தான். அதனால் இரண்டு கமாவும் கட்டாயம்.
4. ‘தி ஃப்ரெண்ட் ஐ பாரோட் மனி ஃப்ரம்’. ‘ஃப்ரம்’ விட்டுப்போனால் தோழியிடம் இருந்து என்பதே விட்டுப்போகும். கடனைத் திருப்பித் தருவதை மட்டும் மறக்காதீர்கள்.
5. ‘வாட் யூ குக்ட் வாஸ் டேஸ்ட்டி.’

ஐந்தில் மூன்று சரியாக வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். வராதவர்கள் இந்த ஒரு வாரம், வீட்டில் தமிழில் பேசும்போது ‘வாங்கின’, ‘போன’, ‘பார்த்த’ என்று வரும் இடத்தையெல்லாம் பிடித்து, மனதுக்குள் இரண்டு வாக்கியமாக உடைத்துப் பாருங்கள். உடைக்கத் தெரிந்துவிட்டால் ஒட்டுவது கஷ்டமில்லை.

கேள்வி அனுப்பிய வாசகிக்கு இன்டர்வியூ நல்லபடியாக முடியட்டும். அடுத்த வாரம், ‘சின்ஸ்’ எங்கே, ‘ஃபார்’ எங்கே என்று நிறையப் பேர் கேட்டிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.